நீர்க்கண்டக்காரன் நெடுந்தீவுக்குப் போனது

1937 மே 4, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கிவிட்டது. என் குடையை ஒருமுறை மறுபுறம் திருப்பிப் போட்டது. ஊர்காவற்றுறைத் துறையில், நெடுந்தீவுக்குப் புறப்படும் பாய்வள்ளத்தின் முன்னால் நின்றேன். உள்ளே பதினேழு பேர், நான்கு ஆடுகள், இரண்டு கோழிக்கூடைகள். என்னோடு பதினெட்டு.

நல்லூரிலிருந்து துறை வரை வந்த கதை வேண்டாம். அதிலும் பத்து நிமிடம் கடல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அறுநூறு வரை எண்ணினேன், கரை வந்துவிட்டது.

நான் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் கிளாக்கர். இப்போது பென்சன்காரன், வயது அறுபத்துமூன்று. மனைவி போய் ஏழு வருடமாகிறது. ஒரே மகள் பவளம் நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மருமகன் அங்கே பள்ளிக்கூட உபாத்தியாயர். இந்த ஐந்து வருடத்தில் அவள் என்னை மூன்று முறை அழைத்திருக்கிறாள். முதல் முறை வீடு குடிபுகுந்தபோது. இரண்டாம் முறை அவள் நெருப்புக்காய்ச்சலில் நாற்பது நாள் கிடந்தபோது. நான் மணியோடர் அனுப்பினேன். இப்போது முதற்பிள்ளை, பெண். வெள்ளிக்கிழமை முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் தீட்டு நீக்கும் துடக்குக் கழிவு. கடிதத்தில் நான்கே வரி. நான்காவது வரி: "இந்த முறையும் நீங்கள் வராவிட்டால் இனி நான் கேட்கமாட்டேன் அப்பா."

போகாததற்குக் காரணம் கடல். எட்டு வயதில் கீரிமலைக் கேணியில் மூன்றாம் படியில் நின்றவன் வழுக்கி உள்ளே போனேன். அம்மான் தலைமயிரில் பிடித்து இழுத்துப் படியில் போட்டு, குளிக்க வந்த அத்தனை பேர் முன்னாலும், "இது கல்லு. இனி இதைத் தண்ணிக்குக் கிட்ட விடாதேயுங்கோ" என்றார். அடுத்த கிழமை அம்மா என் சாதகத்தைச் சாத்திரியாரிடம் கொண்டு போனாள். நீரில் கண்டம் என்று அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். எத்தனையாவது வயதில் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் எண்ணிக் கழித்திருப்பேன். வயது இல்லாதபடியால் ஐம்பத்தைந்து வருடமாக அது முடியவேயில்லை. கிணற்றடியில் வாளியால் குளித்தே காலம் போயிற்று.

வள்ளத்தை ஓட்டும் தண்டயல் கையைக் கொடுத்து ஏற்றினார். அப்போது நான் செய்த பிழை ஒன்றுதான். நடுவில் இடம் கேட்பதற்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, "எனக்கு நீர்க்கண்டம் தண்டயல், விளிம்பிலை இருக்கேலாது" என்றேன்.

கோழிக்கூடைக்காரி திரும்பினாள். "என்ன கண்டம்?"

"நீரிலை."

"நீரிலை கண்டம் உள்ளவர் எங்களோடை ஏன் ஏறினவர்? தனியப் போகாமல் எங்களையும் கூட்டிக்கொண்டு போகவோ?"

ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. பின்னால் இருந்த கிழவர், தன் மச்சான் ஒருவர் இப்படித்தான் அனலைதீவுக்குப் போகையில் என்று ஒரு கதை தொடங்கினார். கதை முடிய முன்னமே மூன்று பேர் எழும்பி நின்றார்கள். வள்ளம் ஆடியது. ஆடுகள் கத்தின.

"ஐயா, குறை நினையாதேயுங்கோ," என்றார் தண்டயல், என் காசைத் திருப்பித் தந்தபடி. "சாதகத்தோடை எனக்கு வழக்கில்லை. இந்தச் சனத்தோடைதான். இறங்குங்கோ."

இறங்கினேன். வள்ளம் பாய் விரித்துக் கடற்கோட்டையைத் தாண்டும் வரை பார்த்தேன். உண்மையைச் சொன்னால் முதலில் வந்தது நிம்மதி. போக முயன்றேன், ஏற்றவில்லை என்று மகளுக்கு எழுதலாம். அதில் ஒரு சொல் பொய் இல்லை. துறைமுகப்பில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தேன், நூற்றுப் பன்னிரண்டு அடி. ஒன்பதாவது தடவை திரும்பியபோது அந்தக் கடிதம் மனதில் எழுதி முடிந்துவிட்டது. பத்தாவது தடவை அதைப் பவளம் வாசிப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு அதை அனுப்ப ஏலாது.

தேத்தண்ணிக் கடையில் மூன்று தோசையும் சம்பலும் சாப்பிட்டேன். இரண்டாவது தோசை கருகல். சம்பலில் உப்பு அதிகம். தேத்தண்ணியிலும் உப்பு இருந்தது. எங்கள் நல்லூர்த் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியைக் குடித்தவனுக்கு இது மருந்து. கடைக்காரரிடம் அடுத்த வள்ளம் எப்போது என்று கேட்டேன்.

"நெடுந்தீவுக்கு இனி வெள்ளிக்கிழமைதான் ஐயா."

"வெள்ளி பிந்திப்போகும்."

"அப்ப நாளைக்கு நயினாதீவுக்குப் போங்கோ. அங்கையிருந்து நெடுந்தீவார் ஆராவது திரும்பிப் போவினம். ஆனால் ஒண்டு," என்று என் கோப்பையை எடுத்துக்கொண்டே சொன்னார், "வாயைத் திறவாதேயுங்கோ."

அதற்குள் கடைக்கும் செய்தி வந்திருந்தது.

புதன்கிழமை நயினாதீவு வள்ளத்தில் வாயைத் திறக்கவில்லை. என்னை எண்ணாமல் முப்பத்தொரு பேர். வள்ளத்தின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாணும் நான்கு விரலும். அதை நான் பலமுறை அளந்தேன். எனக்கு நேரே காப்பு வியாபாரி ஒருவர், புளியங்கூடல்காரர், பெட்டியை மடியில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்னைப் போல எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

கரையில் கால் வைத்ததும் அவர் பெட்டியை மணலில் வைத்துவிட்டு, கேட்கக்கூடிய எல்லோருக்கும் கேட்க, "அம்மாளாச்சி காப்பாத்தினது!" என்றார். "இவர் ஆர் தெரியுமோ? நேற்றைக்கு ஊர்காவற்றுறையிலை இறக்கிவிட்ட நீர்க்கண்டக்காரர். நான் கண்ணாலை கண்டனான். வள்ளம் வெளிக்கிட்ட பிறகுதான் ஆளை மட்டுப்பிடிச்சனான். வழி முழுக்க அம்மாளைக் கும்பிட்டுக்கொண்டு வந்தனான்."

"வள்ளத்திலையே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொன்னால் சனம் எழும்பும். எழும்பினால் வள்ளம் பிரளும். உம்மடை கண்டத்துக்கு நானோ கையாள்?"

அதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அன்று கரையில் நெடுந்தீவு வள்ளங்கள் இரண்டு நின்றன. இரண்டிலும் கேட்டேன். ஒருவர், இடமில்லை என்றார். வள்ளத்தில் இரண்டு பானையைத் தவிர ஒன்றும் இல்லை. மற்றவர் என்னைக் கண்டதும் வலையைப் பார்க்கக் குனிந்தவர், நான் அங்கே நின்ற பதினான்கு நிமிடமும் நிமிரவில்லை.

கோயிலுக்குப் போனேன். உண்டியலில் இருபத்தைந்து சதம் போட்டேன். கற்பூரம் கொளுத்தினேன். மடத்தில் சோறு போட்டார்கள்: பருப்பு, பூசணிக்காய், மோர். பந்தியில் நாற்பத்தாறு இலை. பக்கத்து இலைக்காரர் நான் ஆர் என்று கேட்டார், சொன்னேன். தமக்கு ஊரில் வேலை இருக்கிறது என்று பிறகு எழும்பிப் போனார். அவருடைய மோர் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆறரைக்குக் கரையில் மூன்றாவது வள்ளம் ஒன்று நின்றது. பழையது. பாயில் பதினொரு ஒட்டு. எட்டு மூட்டை அரிசியும் நான்கு மண்ணெண்ணெய்த் தகரமும் ஏறியிருந்தன. கழுத்தில் சிலுவைக் கயிறு கட்டிய ஒருவர், ஐம்பது வயது இருக்கலாம், உள்ளே நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நெடுந்தீவுக்கோ என்று கேட்டேன், ஓம் என்றார். இந்த முறை நானே முதலில் சொல்லிவிட்டேன். இன்னொரு முறை ஏறி இறங்க எனக்குக் கால் இல்லை.

"எனக்கு நீர்க்கண்டம். பேந்து கேள்விப்பட்டு இறக்காதேயும்."

அவர் இறைப்பதை நிறுத்தினார். "அதென்ன ஐயா?"

"சாதகத்திலை எழுதியிருக்கு."

"எனக்குச் சாதகம் இல்லை. எங்கடை ஆக்களுக்கு எழுதிறேல்லை. சாதகம் இல்லாதவனுக்குக் கண்டம் எங்கையிருந்து வரும்?" என்று அவரே கொஞ்சம் யோசித்தார். பிறகு கையிலிருந்த பனையோலைப் பட்டையை என் பக்கம் நீட்டினார். "இந்த வள்ளம் ஒழுகும். இறைக்கிற மச்சான் காய்ச்சலிலை படுத்திட்டான். பயமில்லாதவனை இறைக்க விட்டால் நித்திரையாப் போவான். உங்களைப் போலை ஒருத்தரைத்தான் தேடினனான். ஏறுங்கோ."

அவர் பெயர் சவிரிமுத்து. ஏறினேன். கரையில் நின்ற காப்பு வியாபாரி, "சவிரி, உனக்கென்ன விசரோ?" என்று கத்தினார். சவிரிமுத்து பாயை இழுத்துக்கொண்டே, "ஓம், நீரும் வாருமன்," என்றார்.

காற்று எதிரில். நேரே போக ஏலாது. வள்ளம் மேற்கே ஒரு நீண்ட கோடு, தெற்கே ஒரு நீண்ட கோடு என்று இழுத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பாய் தலைக்கு மேலால் அடித்துப் போகும், வள்ளம் ஒரு பக்கம் சாயும். உயர்கிற பக்கத்து விளிம்பில் ஆள் பாரமாகப் போய் உட்கார வேண்டும். வள்ளத்தில் இருந்த ஆட்கள் இரண்டு பேர், ஒருவர் சுக்கானில். ஆகவே விளிம்பு எனக்கு. செவ்வாய்க்கிழமை எந்த விளிம்பு வேண்டாம் என்று கேட்டேனோ அதே விளிம்பில் பதினாறு முறை ஏறி உட்கார்ந்தேன். இடையில் இறைத்தேன். பலகை இடுக்கால் தண்ணீர் சத்தமில்லாமல் வந்து கணுக்காலைத் தொடும். நான் அதை எறிவேன். அது திரும்ப வரும்.

முதல் நூறு பட்டையில் பாதி என் மடியிலேயே விழுந்தது. ஐந்நூறில் தோள் விட்டுப்போயிற்று. எண்ணூறு அளவில் கவனித்தேன்: கடலைப் பார்க்கவே நேரம் இருக்கவில்லை.

"எத்தினை?" என்று கேட்டார் சவிரிமுத்து, நான் முணுமுணுப்பதைக் கண்டு.

"ஆயிரத்து நாற்பது."

"எண்ணினது காணும், கெதியா இறையும்!"

அதுவரை என்னை நீங்கள் என்றவர் அந்த இடத்தில் நீர் என்றார். கச்சேரியில் ஒருவரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. இறைத்தேன்.

நடுவில் அவர் அவித்த பனங்கிழங்கு கொடுத்தார். ஒரு கையால் தின்று மறுகையால் இறைத்தேன். உப்புத் தண்ணீர் பட்ட கிழங்குக்கு ஒரு ருசி இருக்கிறது. எங்கள் குசினியில் அது வராது.

பகல் ஒன்று இருபதுக்கு நெடுந்தீவு தெரிந்தது என்று சொல்வதை விட, வந்து நின்றது என்று சொல்ல வேண்டும். அவ்வளவு தட்டையான தீவு. இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டுப் பட்டை. கடல் வற்றுகிற நேரம். கரைக்கு நல்ல தூரத்திலேயே வள்ளம் நின்றுவிட்டது. கீழே முருகைக்கல் பாறை, இனிப் போனால் அடி கிழியும்.

"முதுகிலை ஏறுங்கோ ஐயா, கொண்டுபோய் விடுறன்," என்றார் சவிரிமுத்து. கரை கிட்ட வந்ததும் திரும்பவும் நீங்கள். "எல்லாரையும் அப்பிடித்தான் கொண்டு போறது. வெக்கம் இல்லை."

அவருடைய முதுகைப் பார்த்தேன். ஏறலாம். அம்மான் தலைமயிரில் பிடித்து இழுத்தது ஞாபகம் வந்தது. "நான் நடக்கிறன். நீர் பின்னாலை வாரும்," என்றேன். வேட்டியை மடித்துக் கட்டி, குடையைக் கையில் பிடித்து, விளிம்பால் காலை விட்டேன். தண்ணீர் சூடாக இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஐம்பத்தைந்து வருடமாகக் கடல் குளிர் என்று நினைத்திருந்தேன்.

முதலில் முழங்கால். பிறகு தொடை. ஐம்பத்தாறு அடி, ஐம்பத்தேழு அடி. தொண்ணூற்று மூன்றாவது அடிக்குக் கல் இல்லை.

போய்விட்டேன். மூக்கிலும் வாயிலும் உப்பு. காது அடைத்தது. குடையை விட்டேன். கையை அடித்தேன். மேலே வெளிச்சம், அது தூரமாகப் போனது. கீரிமலை மூன்றாம் படி. எட்டு வயது. எண்ணிக்கை நின்றுவிட்டது, என் ஆயுளில் அது நின்ற இடம் அது ஒன்றுதான்.

"காலை ஊண்டும்! நில்லும் காணும், நில்லும்!"

சவிரிமுத்து பின்னாலே இரண்டு முழத்தில் நின்றார். கையை நீட்டினாரே தவிரப் பிடிக்கவில்லை. காலைக் கீழே தேடினேன். மணல் இருந்தது. ஊன்றினேன். நிமிர்ந்தேன். தண்ணீர் நெஞ்சளவு.

நெஞ்சளவுதான். இருமி இருமித் துப்பினேன். கேணியில் விழுந்த அன்று நான் நின்றுபார்க்கவில்லை. நிற்பதற்குள் அம்மான் இழுத்துவிட்டார். அங்கே எவ்வளவு ஆழம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"போவமோ?" என்றார் சவிரிமுத்து.

"பொறும்," என்றேன். "இன்னும் கொஞ்சம் நிக்கிறன்." நின்றேன். பிறகு தொண்ணூற்று நான்கிலிருந்து எண்ணி, நூற்று எண்பத்தாறில் கரை ஏறினேன். குடை அலையோடு வடக்கே போய்க்கொண்டிருந்தது. கறுப்பாக, வெகு நேரம் தெரிந்தது.

கூலி கொடுக்கப் போனேன். "இறைச்சவனிட்டைக் கூலி வாங்கேலாது," என்று சொல்லி, திரும்ப வள்ளத்துக்கு நடந்து போய் அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஓர் ஓலைக்குட்டான் பனங்கட்டி எடுத்து வந்து என் கையில் வைத்தார். "உங்கடை பங்கு." அறுபத்துமூன்று வயதில் உடம்பால் உழைத்த முதற் சம்பளம்.

மருமகனின் வீடு கரையிலிருந்து அரை மைல். இங்கே பனையோலை வேலி இல்லை. காணிக்குக் காணி முருகைக்கல்லை அடுக்கி மதில் கட்டியிருக்கிறார்கள், சாந்து இல்லாமல். வழியில் குதிரைகள் நின்று மேய்ந்தன, கட்டுவார் இல்லாமல். ஏழு. ஒன்று என்னைப் பார்த்துத் தும்மியது. நானும் தும்மினேன்.

துடக்கு வீடு. அறை வாசலில் நின்றுதான் மகளைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். தலை முதல் கால் வரை ஒழுகிக்கொண்டு, கையில் பனங்கட்டிக் குட்டானோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

"அப்பா! குடை எங்கை?"

"கடலிலை."

"நீங்கள்?"

"நானும்தான். திரும்பி வந்தனான்."

அவள் சிரிக்கத் தொடங்கி, பாதியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிள்ளை எழும்பிவிட்டது. அதன் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை வீடு கழுவி, புண்ணியதானம் செய்து, பிள்ளைக்கு மயிர் வழித்தார்கள். பந்தியில் கத்தரிக்காய்ப் பால்கறியும் கட்டித் தயிரும். அந்தத் தயிரைக் கவிழ்த்தாலும் விழாது. நான்கு முறை போட்டுக்கொண்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு சாத்திரியார் சாதகம் கணிக்க உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டியது. கூட்டல் கழித்தல் என்றால் எனக்குச் சும்மா இருக்க ஏலாது. பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பிழை ஒன்றும் இல்லை.

முற்றத்தில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சாத்திரியார் எழுத்தாணியை நிறுத்தி, எனக்கு மட்டும் கேட்க, "பேத்திக்கு நீரிலை கண்டம் இருக்கு," என்றார்.

திரும்பக் கூட்டினேன். திரும்பவும் சரி. மூன்றாம் முறையும் சரி. பிழை இருந்தால் திருத்தலாம்.

"எந்த வயதிலை?" என்றேன்.

"அது தெரியாது."

"கொஞ்சம் வெளியிலை வாரும்."

கல்மதில் அருகில் போய் நின்றோம். அங்கிருந்து மூன்று பக்கமும் கடல் தெரிந்தது.

"சாத்திரியார், இந்தத் தீவிலை இதுவரைக்கும் எத்தினை பேருக்கு நீர்க்கண்டம் எழுதியிருப்பீர்?"

"ஆர் எண்ணினது?"

"அதிலை எத்தினை பேர் தாண்டினவை?"

"கிளாக்கரையா, நான் கணிக்கிறவன். எண்ணிறேல்லை."

"அப்ப அந்த வரியை எழுதாமல் விடும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சாத்திரத்திலை இருக்கிறதை மறைக்கிறதோ? பேந்து ஏதும் நடந்தால்?"

"இவள் தீவிலை பிறந்தவள். பள்ளிக்கூடத்துக்கு, ஆசுப்பத்திரிக்கு, என்ரை வீட்டுக்கு, எல்லாத்துக்கும் கடல் தாண்டோணும். கண்டம் வந்தால் வரட்டும். ஆனால் வாசிச்சுப்போட்டுக் கரையிலை இருக்கக் கூடாது. நான் இருந்தனான்."

சாத்திரியார் கடலைப் பார்த்தார். நான் முப்பத்தெட்டு வரை எண்ணினேன்.

"எழுதுகூலி ரெண்டு ரூபா," என்றார் கடைசியாக. "எழுதாமல் விட்டால் பாவம் என்ரை தலையிலை. அதுக்குச் சாந்தி செய்யோணும். அது மூண்டு ரூபா. ஆருக்கும் சொல்லக் கூடாது."

கொடுத்தேன். உள்ளே போய் அவர் எழுதி முடித்ததை நானே மேலும் கீழும் இருமுறை வாசித்தேன். அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் சுக்கிரனைப் பற்றி ஏதோ நல்லதாக எழுதியிருந்தார். பவளம் அதை வாசித்துச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பினேன். செவ்வாய்க்கிழமை என்னை இறக்கிவிட்ட அதே தண்டயலின் வள்ளம். கோழிக்கூடைக்காரியும் இருந்தாள், இப்போது கூடை வெறுமை. என்னைக் கண்டு, "நீர்க்கண்டக்காரர் எல்லோ!" என்றாள்.

"ஓம்," என்றேன். "பட்டை எங்கை?"

ஒருவர் விளையாட்டுக்குத்தான் எடுத்து நீட்டினார். நான் இறைக்கத் தொடங்கியதும் ஒருவரும் எழும்பவில்லை.

புறப்படுமுன் பவளம் பிள்ளையோடு கரை வரை வந்திருந்தாள். காற்றில் சேலை பறக்க, வள்ளம் விலகிய பிறகு கத்தினாள்: "அப்பா! பேந்து எப்ப வருவியள்?"

அது நான்காவது அழைப்பு.

பயணச் செலவு, கடலோடு போன குடை உட்பட, எட்டு ரூபா நாற்பத்திரண்டு சதம். அதில் மூன்று ரூபா, எழுதாமல் விட்ட ஒரு வரிக்கு.